அறுபத்தொரு அட்டை, ஒரே விரல்

ஒரு மனிதர் தான் விழுங்குகிற மருந்தைப் புரிந்துகொள்வதற்கு அரசாங்கம் வைத்த விலை பதினொன்றரை ரூபாய். வரி தனி.

கருவி செய்த கம்பெனி முதலில் பத்தொன்பது கேட்டதாம். நிதித்துறை ஏழில் நின்றதாம். மூன்று சுற்று டீ, ஒரு மதியச் சாப்பாடு, இரண்டு பேர் கோபமாக எழுந்து போவதுபோல் எழுந்து மறுபடி உட்கார்ந்தது எல்லாம் முடிந்து பதினொன்றரையில் கை குலுக்கினார்கள். இதைக் கேட்டபோது ராஜபுஷ்பத்துக்கு இருந்தது ஒரே வருத்தம்தான். விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் மண்டி வைத்திருந்த அவள் அப்பாவை அந்த அறையில் உட்கார வைத்திருந்தால் ஒன்பதேகாலுக்கு முடித்திருப்பார். கூடவே வருஷத்துக்கு நூறு காலண்டரும் வாங்கியிருப்பார்.

கருவியின் பெயர் புரிமானி. துணி காயப்போடும் கிளிப் மாதிரி ஆள்காட்டி விரலைக் கவ்விக்கொள்ளும். மருந்தகக் கவுன்டரில் இருக்கும் திரை பேசும்: இது இன்ன மாத்திரை, இன்ன வியாதிக்கு, இந்த வேளைக்கு, மறந்துபோனால் இப்படிச் செய், இதோடு இதைச் சாப்பிடாதே. விஷயம் பிடிபட்டதா என்பதை விரலின் ரத்த ஓட்டத்தையும் வியர்வையையும் வைத்துக் கருவி கண்டுபிடித்துவிடும். பிடிபட்டால் பச்சை; ஒரு பச்சைக்குத்தான் அந்தப் பதினொன்றரை. அரைகுறை என்றால் மஞ்சள். தலையை மட்டும் ஆட்டினால் சிவப்பு. பச்சை எரிந்தால்தான் மாத்திரை டப்பா வெளியே வரும். டாக்டர் முன்னால் எட்டுத் தடவை “சரிங்க, சரிங்க” என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து கம்பவுண்டரிடம் “என்ன சொன்னாரு?” என்று கேட்கிற ஜனங்களுக்கு நடுவே அது சாதாரண விஷயமல்ல. பதினாறு வருஷத்தில் அதை ஏமாற்ற ஒருவராலும் முடியவில்லை.

ராஜபுஷ்பத்துக்கு வயது நாற்பத்துநாலு. சென்னையில் மருந்துப் புரிதல் வாரியத்தில் ஆய்வு வரைபடம் போடுவது அவள் உத்தியோகம். அவள் நோயாளிகளைப் பார்க்கிறவள் இல்லை. நோயாளிகளைப் பற்றி எழுதப்பட்டவற்றைப் பார்க்கிறவள். இன்னும் நேர்மையாகச் சொன்னால், எழுதப்பட்டவற்றைக் கணினி படிக்கும். கணினி படித்து முடித்ததை அவள் பார்ப்பாள். தங்கள் மருந்தைப் பற்றி ஜனங்களுக்கு எவ்வளவு தெரிகிறது என்று உலகம் முழுக்க ஐம்பது வருஷமாக நடந்த ஆய்வுகள் நாற்பதாயிரத்துச் சொச்சம். ஒவ்வொன்றும் திரையில் ஒரு புள்ளி. ஒரே விஷயத்தைப் பேசுகிற புள்ளிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். கூட்டம் சேர்ந்தால் மேடாகும், மலையாகும். வருஷத்தை நகர்த்தினால் எந்த மலை வளர்ந்தது, எது தேய்ந்தது என்று தெரியும்.

மாத்திரை போட மறப்பவர்களைப் பற்றிய ஆய்வுகளுக்கு ஆபீசில் மறதி மலை என்று பெயர். டப்பாவில் ஒட்டிய சீட்டைப் படிக்கத் தெரிகிறதா என்ற ஆய்வுகள் சீட்டு மேடு. புரிமானி வந்த பிறகு நடுவில் ஒன்று முளைத்தது, பச்சை மலை. அது வளர வளர மற்றவையெல்லாம் பெரிய ஜவுளிக்கடைக்கு எதிரே மாட்டிக்கொண்ட துண்டுக்கடை மாதிரி ஆகிவிட்டன.

வாரிய இயக்குநர் டாக்டர் தெய்வசகாயம் ஒரு திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டு, தனக்கு வேண்டியது ஒரு முற்றுப்புள்ளி என்றார். மாநிலத்தில் புரிதல் தொண்ணூற்றெட்டு சதவீதத்தைத் தொட்டுவிட்டது. இனி ஆய்வுக்குப் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை. கவுன்டர் பக்கத்தில் நின்று வாயால் விளக்கம் சொல்கிற மருந்து விளக்குநர்கள் ஆயிரத்து நானூறு பேர் இருக்கிறார்கள். அவர்களும் இனித் தேவையில்லை. “விஷயம் முடிஞ்சிருச்சுன்னு உங்க வரைபடம் சொல்லணும் புஷ்பம். அடுத்த மாசக் கடைசிக்குள்ள.”

அவள் ஒரு சந்தேகம் கேட்டாள். மாத்திரையைத் தப்பாகப் போட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை பதினாறு வருஷத்துக்கு முன்னால் எவ்வளவோ, இன்றும் அவ்வளவே இருக்கிறதே என்று. ஜனங்களுக்கு வயதாகிறது, மாத்திரை கூடுகிறது, வெயில் கூடுகிறது என்று அவர் மூன்று காரணம் சொன்னார். மூன்று காரணம் சொல்கிறவரிடம் ஒன்றுகூட இருக்காது என்பது மண்டியில் வளர்ந்தவளுக்குத் தெரியும். எழுந்து வந்துவிட்டாள்.

மூட்டையின் வாயில் இருக்கும் வத்தல் எல்லாம் பளபளவென்று ஒரே நிறமாக இருந்தால் அவள் அப்பா குத்தூசியை எடுத்து அடிமூட்டையில் குத்துவார். அதைத்தான் அவளும் செய்தாள். பச்சை மலையின் உச்சியில் இருக்கும் ஆய்வுகள் எந்த ஊர்க் கணக்கை வைத்து எழுதப்பட்டவை என்று தோண்டினாள். அதில் முப்பத்தெட்டு, ஒரே மருந்தகத்தில் வந்து நின்றன. அருப்புக்கோட்டை, தறிக்காரர் காலனி. அறுபத்தொரு மருந்து அட்டைதாரர்கள். மூன்று வருஷமாக ஒரு மாதம்கூடத் தவறாமல் அறுபத்தொன்றும் பச்சை. வெளிநாட்டுக்காரர்கள்கூட அதை மேற்கோள் காட்டியிருந்தார்கள்.

நூற்றுக்கு நூறு என்ற எண் மற்றவர்களுக்கு இனிக்கும். அவள் குத்தூசியை இன்னும் கொஞ்சம் உள்ளே இறக்கினாள். புரிமானி இன்னொரு விவரத்தையும் எழுதி வைக்கும். பச்சை எரிய எத்தனை நொடி ஆனது என்பது அது. அதை யாரும் பார்ப்பதில்லை, காசு அதற்கு இல்லை. அவள் பார்த்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அறுபத்தொரு பேருக்கும் சராசரி நாலு நொடி. போன வருஷம் பதினெட்டு. போன மாதம் ஐம்பத்தொன்று. எல்லோருக்கும் ஒரே மாதிரி ஏறியிருந்தது. அறுபத்தொரு மூளைகள் சேர்ந்து ஒரே வேகத்தில் மந்தமாகுமா? மறுநாள் ரயிலில் சீட்டு இருந்தது.

மாதத்தின் முதல் தேதி, காலை ஒன்பதரை. மருந்தகத்தில் மாத்திரை வாங்க வந்திருந்தது ஒரே ஒரு பெண்மணி. அறுபதை நெருங்கிய வயது, சின்னாளப்பட்டிப் புடவை, கையில் நூல் போட்டுக் கட்டிய அட்டைக் கட்டு. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விரலைக் கிளிப்பில் கொடுத்தார். பிறகு விரலை எடுக்கவே இல்லை. அட்டை மாறியது, மாத்திரை மாறியது, விரல் மாறவில்லை. கவுன்டர்க்காரர் வாரமலரில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்காக ஆரம்பத்திலேயே ஒரு விதி வைத்திருந்தார்கள். வர இயலாதவர் சார்பாக வேறொருவர் வரலாம். அந்தச் சின்னக் கதவு வழியாகத் தெருவே உள்ளே வந்திருந்தது. கருவி பொய் சொல்லவில்லை. கிளிப்பில் இருந்த விரலைப் பற்றி உண்மையைத்தான் சொன்னது. அந்த விரலுக்குச் சொந்தக்காரர்தான் மாத்திரையையும் விழுங்குவார் என்று எடுத்துக்கொண்டது வாரியம்.

முப்பத்துநாலாவது அட்டைக்கு மஞ்சள் எரிந்தது. பெண்மணி திரையை மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி மஞ்சள். கண்ணை மூடிக்கொண்டார், உதடு அசைந்தது, புருவத்தில் வியர்வை கட்டியது. நிமிஷம் ஒன்றுக்கு மேல் ஆகியிருக்கும். பச்சை வந்ததும் விட்ட பெருமூச்சு ராஜபுஷ்பம் உட்கார்ந்திருந்த பெஞ்சு வரைக்கும் கேட்டது.

எல்லாம் முடிய மதியம் ஆகிவிட்டது. இரண்டு பை நிறைய டப்பாக்களைத் தூக்க முடியாமல் தூக்கியபோது ராஜபுஷ்பம் ஒன்றை வாங்கிக்கொண்டாள்.

“எல்லாரும் உங்க வீட்டு ஆளுங்களாக்கா?”

“ஒரே தெரு தாயி. அப்ப ஒரே வீடுதான.”

பெயர் ஜெயக்கொடி. முன்னால் நூல் கடை வைத்திருந்தவர். ராஜபுஷ்பம் தான் யார் என்று ஒளிக்காமல் சொன்னாள். அவர் பயப்படவில்லை. இவ்வளவு தூரம் வந்ததற்குப் படி தருகிறார்களா, எவ்வளவு, சாப்பாட்டுக்குத் தனியாகவா என்று விசாரித்தார். தொகையைக் கேட்டு, ரொம்பக் குறைச்சல் என்று முகம் சுளித்தார்.

வீட்டில் பாய் விரித்து டப்பாக்களைக் கொட்டினார். அடுத்த ஒரு மணி நேரம் ராஜபுஷ்பம் பார்த்தது எந்த ஆய்விலும் இல்லாதது. கத்தரித்த சேலைத்துணியில் ஆளாளுக்கு, நாளுக்குநாள் சின்னச் சின்னப் பொட்டலம். காலை மாத்திரைக்கு நூலில் ஒற்றை முடிச்சு. இரவு மாத்திரைக்கு இரட்டை முடிச்சு. மதியத்துக்கு முடிச்சு இல்லாமல் சுற்று மட்டும். மூலையில் அந்த வீட்டுத் தறிக்காரர் எந்த நிறப் பாவு நூல் ஓட்டுகிறாரோ அந்த நிற நூல். எழுதப் படிக்கத் தெரியாதவர், கண் தெரியாதவர்கூட விரலால் தடவி எடுத்துக்கொள்ளலாம். மூன்று வருஷத்தில் காலனியில் ஒருவருக்கும் மாத்திரையால் கோளாறு வந்ததில்லை என்றார் ஜெயக்கொடி. சொல்லும்போது முகத்தை டப்பா பக்கம் திருப்பிக்கொண்டார்.

“எது எதுக்குன்னு அவங்ககிட்டச் சொல்லுவீங்களாக்கா?”

“எதுக்குச் சொல்லணும்? அவுக மருந்தையா புரிஞ்சு வச்சிருக்காக? என்னையப் புரிஞ்சு வச்சிருக்காக. அது போதாதா?”

“மூணு வருஷத்துக்கு முந்தி உங்களுக்கு நாலு செகண்டுல பச்சை வந்திருக்கு. போன மாசம் அம்பத்தொண்ணு.”

நூல் பிடித்திருந்த கை நின்றது. ஜெயக்கொடி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

போன வருஷப் பங்குனியிலிருந்து இப்படி என்றார். முதலில் பெயர் நழுவியது, பிறகு கிழமை. இப்போது திரை ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அதன் தலை காணாமல் போய்விடுகிறது. மதுரையில் டாக்டர் பார்த்து மாத்திரை கொடுத்திருக்கிறார். அறுபத்தொன்றாவது அட்டை ஜெயக்கொடியுடையதுதான். “ஞாபகத்துக்கு ஒரு மாத்திரை குடுத்திருக்காரு. கொஞ்சம் கொஞ்சமா எல்லாம் போயிரும், இது வேகத்தை மட்டும் கொறைக்கும்னாரு. அந்த மாத்திரைக்குத்தான் பச்சை எனக்கு லேட்டா வருது.” சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “நீ எழுதிருவ. எழுதவேண்டியது உன் வேலை. எழுதின பிற்பாடு அடுத்த ஒண்ணாந்தேதி கவுன்டருக்கு யாரு போவா, அதை மட்டும் சொல்லிட்டு எழுது.”

தன் ஞாபகம் இன்னும் நாலைந்து மாதம் தாக்குப்பிடிக்கும் என்று டாக்டர் சொன்னதாக ஜெயக்கொடியே சொன்னார்.

பஸ் நிறுத்தம் வரை வழி காட்டப் பக்கத்து வீட்டுக் குருவய்யா வந்தார். எழுபது வயது, இன்னும் தறியில் உட்காருகிறவர். தெருமுனை தாண்டும்வரை பேசவில்லை. பிறகு, ஜெயக்கொடியிடம் சொல்வதில்லை என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் ஆரம்பித்தார். பதினைந்து நாளைக்கு முன்னால் தறியிலேயே மயங்கி விழுந்துவிட்டாராம். முந்தின இரவு இரட்டை முடிச்சுப் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே காலை மாத்திரை இருந்திருக்கிறது. விழுங்கிவிட்டுப் பால்கூடக் குடிக்காமல் படுத்திருக்கிறார்.

“அது காலை மாத்திரைன்னு எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?”

“பிரிச்சப்பவே தெரியும். வெள்ளை, பெருசு, நடுவுல கோடு. சக்கரைக்கு. சோத்துக்கு முந்தி போடுறது, வெறும் வயித்தோட படுக்கையில போட்டா ஆளைத் தூக்கிரும்.”

“தெரிஞ்சேவா முழுங்குனீங்க?”

குருவய்யா செருப்பிலிருந்து கல்லை உதறினார். “மூணு வருசமா காசு வாங்காம கட்டிக் குடுக்குறவக. அவகளைப் பார்த்து, மாத்திக் கட்டிட்டீகன்னு எந்த வாயை வச்சுச் சொல்ல? அவகளுக்கு உடம்பு சரியில்லைன்னு தெருவுல பாதிப் பேருக்குத் தெரியும்மா. அவகவுகளுக்கு முடிச்சு மாறி வந்திருக்கு. சிலரு சத்தமில்லாம மாத்திப் போட்டுக்கிட்டாக. சிலரு, மிச்சம் கெடந்தா அவக கண்ணுல பட்டுருமேன்னு அப்படியே முழுங்கிட்டாக. அவகளை வருத்தப்பட வைக்க மனசு வரலை யாருக்கும்.”

ராஜபுஷ்பம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் வெளியே எதையும் பார்க்கவில்லை. நாற்பதாயிரம் ஆய்வுகள். ஜனங்களுக்குத் தெரிகிறதா என்று கேட்டவை, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டவை, படிக்க வருகிறதா என்று கேட்டவை. தெரிந்தும் மரியாதைக்காகத் தப்பு மாத்திரையை விழுங்குகிற மனிதனைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

சென்னை வந்ததும் கம்பெனியின் பில் பிரிவுக்கு ஒரு கடிதம் போட்டாள். பச்சைக்குக் காசு வாங்க ஒவ்வொரு பச்சையோடும் விரல் ரேகை எண்ணையும் கம்பெனி பத்திரமாக வைத்திருந்தது. அட்டைகளை எண்ண வேண்டாம், விரல்களை எண்ணிக் கொடுங்கள் என்று கேட்டாள். பதினாறு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி என்பதால் அதை ரகசியமாக வைக்க வேண்டும் என்றுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை. இரண்டு நாளில் பதில் வந்தது.

மாதம் தோறும் மருந்து வாங்கும் அட்டைகள் இரண்டு கோடியே பதினாலு லட்சம். சொந்த விரலில் பச்சை வாங்குகிறவர்கள் முப்பத்தொரு லட்சம். மிச்சம் ஒரு கோடியே எண்பத்துமூன்று லட்சம் அட்டைகளுக்கும் பச்சை காட்டியவை ஒன்பது லட்சத்துப் பன்னிரண்டாயிரம் விரல்கள். ஒவ்வொன்றின் தலையிலும் இருபது பேர். பத்தில் ஒன்பது பெண்களின் விரல். மருமகள், அண்ணி, எதிர்வீட்டு டீச்சர், ரேஷன் கடையில் வேலை பார்க்கிற அக்கா. ஒரு மாநிலமே தன் மருந்தைப் புரிந்து வைத்திருக்கிறது என்று உலகம் மெச்சியது இவர்களைத்தான். இவர்களைப் பற்றி வரைபடத்தில் ஒரு புள்ளி இல்லை.

ஒரு யோசனையில் தன் விரல் எண்ணையும் போட்டுத் தேடினாள். நாலு அட்டை வந்தது. மாமியார், புருஷன், கொழுந்தனார், தன்னுடையது. சமையலறை அலமாரியில் அவள் எடுத்து வைக்கிற மாத்திரையை, செய்தி பார்த்துக்கொண்டே கையை மட்டும் நீட்டி வாங்கி விழுங்குகிற புருஷனின் கை அவள் கண்முன் வந்து போனது.

காலனி விஷயத்தை அவள் சொல்லக் கேட்டதும் இயக்குநர் முதலில் செய்தது, அருப்புக்கோட்டை ஆய்வுகள் முப்பத்தெட்டையும் வரைபடத்திலிருந்து தூக்கச் சொன்னது. அவள் விரல் கணக்கை நீட்டினாள். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். எண்கள் துடைத்தும் போகவில்லை.

“அப்ப ஒரே வழி. ஒரு விரலுக்கு ஒரு அட்டை. அடுத்த ஒண்ணாந்தேதியிலிருந்து உத்தரவு போட்டுரலாம்.”

“போட்டா ரெண்டாந்தேதி ஒரு கோடியே எண்பது லட்சம் பேருக்கு மாத்திரை இல்ல சார்.”

“அவங்க வந்து கத்துக்கட்டும். அவங்கவங்க உடம்பு.”

“சார், நீங்க பிரஷருக்கு மாத்திரை போடுறீங்கல்ல. அதுக்கு என்ன பேரு?”

தெய்வசகாயம் வாயைத் திறந்தார். மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைத்தார். “வீட்ல கேக்கணும்,” என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது பேரம்தான். கெட்ட மனுஷர் இல்லை அவர், பயந்த மனுஷர். மெச்சல் வாங்கிக்கொண்டிருக்கிற வாரியம் இந்தக் கணக்கு வெளியே போனால் சிரிப்பாய்ச் சிரிக்கும், மந்திரி முதலில் கேட்பது தன் தலையைத்தான் என்று வெளிப்படையாகவே சொன்னார். அவள் கேட்டது, விளக்குநர்கள் ஆயிரத்து நானூறு பேரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. கவுன்டரிலிருந்து எடுத்துத் தெருவுக்கு அனுப்ப வேண்டும், விழுங்குகிறவரின் வீட்டு வாசலுக்கு. தறிக்காரர் காலனிக்கு உடனே. அவர் முன்னூறு பேர், மூன்று மாதம் என்று ஆரம்பித்தார். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அறுநூறு என்றார். அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். கடைசியில் ஆயிரத்து நானூறு பேரும் ஒரு வருஷம் என்று முடிந்தது. பதிலுக்கு அவள் கொடுக்க வேண்டியது, அந்த ஒரு வருஷத்துக்கு விரல் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தைகூட வெளியே போகக் கூடாது. வரைபடம் பச்சை மலையோடு அப்படியே போகும். முற்றுப்புள்ளி மட்டும் இருக்காது.

கை கொடுத்தாள். நல்ல விலைக்கு முடித்துவிட்ட திருப்தி ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் இருந்தது.

காலனிக்கு ஐந்து விளக்குநர்கள் வந்தார்கள். முதல் இரண்டு வாரம் யாரும் அவர்களிடம் விளக்கம் கேட்கவில்லை. காப்பி கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள், பேரப்பிள்ளைகளின் மார்க்கைச் சொன்னார்கள். மருந்துப் பேச்சு எடுத்தால் அதெல்லாம் ஜெயக்கொடி பார்த்துக்கொள்வாள் என்றார்கள். தன் விரலில் பச்சை வாங்குவது என்றால், உன்னால் இனி முடியாது என்று ஜெயக்கொடியின் முகத்துக்கு நேரே சொல்வதாகும். அதைச் சொல்ல அறுபது பேரில் ஒருவர் இல்லை. ஒரு விளக்குநர் போனில் அழாத குறையாக ராஜபுஷ்பத்திடம் சொன்னார், கல்லில் நார் உரிப்பதுகூடச் சுலபம் மேடம் என்று.

ராஜபுஷ்பம் லீவு போட்டுவிட்டுப் போய் ஜெயக்கொடி முன்னால் உட்கார்ந்தாள். குருவய்யாவுக்குக் கொடுத்த வாக்கை மீறினாள். மயங்கி விழுந்ததை, முடிச்சு மாறியதை, தெரிந்தே விழுங்கியதை எல்லாம் சொன்னாள். ஜெயக்கொடி நூற்கண்டை எடுத்து வைத்தார், மறுபடி எடுத்தார். வந்தவளுக்குத் தண்ணீர் கொடுத்தார், இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி கொடுத்தார்.

முதல் தேதி வந்தது. அட்டைக் கட்டை அவிழ்த்து, தன்னுடையது போக அறுபதையும் எடுத்துக்கொண்டு ஜெயக்கொடி வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு வாசலிலும் அட்டையை விட்டெறிந்தார். நயமாகப் பேசினால் கேட்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்த ஜனங்களோடு நாற்பது வருஷம் நூல் வியாபாரம் பண்ணியவர். “ஓசியில வந்த விரல்னு நெனச்சீகளோ? உங்களுக்கெல்லாம் ஆயுசு முழுக்க ஊழியம் பாக்கணும்னு எனக்கு எழுதிருக்கா? அவன் அவன் மாத்திரையை அவன் அவன் வாங்கு.” குருவய்யா வாசலில் அவருக்கு மட்டும் கூடுதலாக ரெண்டு வசவு வைத்தார்.

தெரு கோபித்துக்கொண்டது. மூன்று வருஷம் செய்துவிட்டு இப்போது சொல்லிக்காட்டுகிறாளே என்று பொருமியது. பொருமிக்கொண்டே கவுன்டருக்குப் போனது. குருவய்யா விரலைக் கொடுத்ததும் திரை பேச ஆரம்பித்தது; அது பேசி முடிப்பதற்குள் பச்சை எரிந்துவிட்டது. மூன்று நொடி. குறுக்கெழுத்துக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போதுதான், கை கொடுப்பதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டியதை ராஜபுஷ்பம் பார்த்தாள். ஒன்பது லட்சத்துப் பன்னிரண்டாயிரம் விரல்களையும் வரிசையாக நிறுத்தி, எத்தனை விரல்களுக்கு நொடி ஏறிக்கொண்டே போகிறது என்று கணினியிடம் கேட்டாள். நாற்பத்தோராயிரம் என்றது. அத்தனையும் ஜெயக்கொடியின் நொடிகள் ஏறிய அதே ஏற்றம். எந்த ஊர், எந்தத் தெரு, எந்த அலமாரிக்கு முன்னால் எந்தக் கை எந்த மாத்திரையை மாற்றி எடுத்து வைக்கிறதோ. ஒவ்வொரு கைக்கும் கீழே இருபது வாய். ஆயிரத்து நானூறு விளக்குநர்கள் எந்தத் தெருவுக்கு முதலில் போக வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பட்டியல் கிடையாது. அந்தப் பட்டியலை வெளியே எடுத்தால் விரல் கணக்கு வெளியே வந்துவிடும்.

இயக்குநரிடம் போனாள். அவர் பட்டியலை வாங்கிப் பார்க்கவில்லை. பேசியது பேசியதுதானே புஷ்பம் என்றார். மண்டியில் பேசிய விலையை மறுநாள் மாற்றுகிறவன் கடைக்கு அதன்பின் மூட்டை வராது. அதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, அவள் ரத்தத்தில் இருந்தது. பேச்சை மீறினால் மறுநாளே ஆயிரத்து நானூறு பேரும் தெருவிலிருந்து திரும்பிவிடுவார்கள். மீறாவிட்டால் அவர்கள் அந்தப் பட்டியல் இல்லாமல் அகரவரிசைப்படி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பார்கள்.

பேரம் முடிந்து ஆறு மாதம் கழித்து ஒரு முதல் தேதி காலனியில் உட்கார்ந்து அவளே தன் கைப்பட எழுதினாள்.

அட்டை அறுபத்தொன்று. சொந்த விரலில் பச்சை வாங்குகிறவர்கள் நாற்பத்துமூன்று. பிள்ளைகளோடு வேறு ஊருக்குப் போனவர்கள் மூன்று. இறந்தவர்கள் இரண்டு, ஒருவர் வயதால், இன்னொருவருக்குக் காரணம் தெரியவில்லை. இன்னும் அடுத்தவர் விரலில் நிற்கிறவர்கள் பதின்மூன்று. அதில் ஒருவர் ஜெயக்கொடி. அவருக்குப் பச்சை காட்டுகிற விரல் குருவய்யாவுடையது, ஒற்றை முடிச்சும் இரட்டை முடிச்சும் போடுவதும் அவரே.

அதற்குக் கீழே ஒரு கோடு இழுத்துவிட்டு மாநிலத்தை எழுதினாள்.

நொடி ஏறிக்கொண்டிருக்கும் விரல்கள் நாற்பத்தோராயிரம். அவற்றில் அகரவரிசை போய்ச் சேர்ந்தவை இரண்டாயிரத்து இருநூறு. மிச்சம் முப்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. பேசிய ஒரு வருஷம் முடிய இன்னும் ஆறு மாதம் பாக்கி.